கேள்வி நேரத்தில் மனு கொடுப்பதை எப்போது நிறுத்துவார்கள்?

குறுக்குக்கேள்வி:

தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரத்தை நேரலையில் பார்ப்பவர்கள் இங்கே எத்தனை பேர்? 2022 ஜனவரியில் நேரலை தொடங்கியதிலிருந்து நான் பார்த்து வருகிறேன். (வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கான தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது.) பார்க்கப் பார்க்க, அமைச்சர்கள் மீது இருந்த கோபம் தணிந்து உறுப்பினர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

கேள்விகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. "இன்ன தொகுதி, இன்ன ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா?" "இன்ன ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்ட அரசு ஆவன செய்யுமா?" அமைச்சர் எழுந்து, அத்தகைய கருத்துரு ஏதும் பரிசீலனையில் இல்லை என்கிறார். துணைக் கேள்விக்கு எழும் உறுப்பினர் முதலில் தன் கட்சித் தலைவருக்கு நன்றி, பிறகு அமைச்சருக்கு நன்றி, பிறகு தொகுதியின் தலபுராணம், கடைசியில் அதே கோரிக்கை. நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்று அமைச்சர் அமர்கிறார். அடுத்த வினா.

இது மனு கொடுப்பது. அதற்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தரும்படி முதலமைச்சரே கேட்டார். ஆனால் அமைச்சரை நிற்க வைத்து, கொடுத்த பணம் என்னவாயிற்று, சொன்ன வேலை எங்கே நிற்கிறது என்று கணக்குக் கேட்க இந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. அதையும் கைகூப்பிக் கழிக்கிறார்கள்.

ஒரு பேருந்துத் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்ன ஊருக்குப் பேருந்து இயக்க அரசு முன்வருமா?" என்றால், "ஏற்கெனவே இயக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். அந்தப் பேருந்து முன்பு எத்தனை நடை போயிற்று, இப்போது எத்தனை நடை, கடைசி நடை எத்தனை மணிக்கு, எந்த உத்தரவின்படி குறைக்கப்பட்டது என்று கேட்டால் அமைச்சர் எண்களோடு வந்தாக வேண்டும். எண்களோடு வந்தால் அடுத்த ஆண்டு அதே எண்களை வைத்து மறுபடி கேட்கலாம். முதல் வகைக் கேள்விக்கு அந்த இரண்டாம் ஆண்டே கிடையாது.

தொகுதிக்காரன்:

கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பது எளிது ஐயா. நான் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். கட்சி, ஊர் வேண்டாம்.

நீங்கள் மனு என்று இளக்காரமாகச் சொல்லும் அந்தக் கேள்விக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தொகுதி மக்கள். "நம் ஊர்ப் பெயர் சட்டமன்றத்தில் ஒலித்தது" என்பது அவர்களுக்குச் சிறிய செய்தி இல்லை. அந்த அரை நிமிட வீடியோ கிராமக் குழுக்களில் சுற்றும்போது வரும் மரியாதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் முக்கியம். கேள்வி ஏற்கப்பட்ட நாளிலிருந்து துறையில் கோப்பு அசையும். ஒன்றரை ஆண்டாக எட்டிப் பார்க்காத கோட்டப் பொறியாளர் மறுநாள் காலையில் நம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, "எந்த இடம் என்று சொன்னால் நேரில் பார்த்துவிடுவேன்" என்பார். அவையில் வரும் பதில் "கருத்துரு இல்லை" என்றே இருக்கட்டும். அதற்குள் கருத்துரு தயாராகத் தொடங்கியிருக்கும்.

நீங்கள் சொல்லும் கணக்குக் கேள்வியைக் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? அமைச்சர் முகம் சுளிப்பார். அதிகாரி பகையாவார். ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்தால் கட்சியிலிருந்து அழைப்பு வரும். ஐந்து ஆண்டுக்கு நான்கு தார்ச்சாலையாவது வாங்கிக்கொண்டு போவதா, கணக்குக் கேட்டு வெறுங்கையோடு போவதா?

கோப்புப்புழு:

தொகுதிக்காரன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை மேசைக்கு மறுபக்கம் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

வினா வந்தால் கோப்பின் மேல் அவசரச் சீட்டு ஒட்டப்படும். துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டத்துக்கு. "இன்று மாலைக்குள்" என்று எழுதியிருக்கும். கீழே இருக்கும் இளநிலை உதவியாளர்தான் கடைசியில் அந்த எண்ணைத் தருபவர். அவரிடம் பதிவேடு சரியாக இருந்தால் சரியான எண் வரும். இல்லாவிட்டால் சென்ற ஆண்டு எண்ணோடு சிறிது கூட்டிக் குறைத்து வரும். மேலே ஏற ஏற அந்த எண்ணுக்கு மரியாதை கூடிக்கொண்டே போகும். அமைச்சர் வாயிலிருந்து வரும்போது அது வேதவாக்கு.

பதில் (அ), (ஆ), (இ) என்று பிரித்து எழுதப்படும். அது ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. கனமானது அதன் பின்னால் இருக்கும் குறிப்பு. எந்தெந்தத் துணைக் கேள்வி வரலாம், எதிர்க்கட்சி எந்தப் பக்கம் இழுக்கும், பக்கத்துத் தொகுதிக்காரர் எழுந்தால் என்ன சொல்வது, பத்தாண்டுக்கு முன் யார் ஆட்சியில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். வண்ணத் தாள் ஒட்டி ஓரத்தில் தலைப்பு எழுதிவைப்போம், அமைச்சர் சட்டென்று புரட்டும்படி. அதையும் தாண்டி ஏதாவது வந்தால் அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச்சீட்டு போகும். நல்ல அமைச்சர் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுவார். சிலர் சீட்டையே படித்துவிடுவார்கள், "அவசரம்" என்று மேலே எழுதியிருப்பதையும் சேர்த்து.

இப்போது "முன்வருமா" வகைக் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வியைப் பார்த்தால் பிரிவில் எல்லோருக்கும் நிம்மதி. பத்து நிமிட வேலை. சமவெளியில் 30,000 மக்கள்தொகைக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற விதிமுறையை எடுத்து எழுதி, "மேற்படி ஊராட்சி விதிமுறைக்குள் வரவில்லை" என்று முடித்துவிடலாம். "எந்தத் தேதியிலிருந்து" என்ற சொல் உள்ள கேள்விதான் எங்களைத் தூங்கவிடாது.

வரிக்குதிரை:

நன்றி பாராட்டுவது பற்றி ஒன்று. 2021 ஆகஸ்டில் முதலமைச்சரே தம் கட்சி உறுப்பினர்களைப் பார்த்து, என்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள், மீறினால் நடவடிக்கை எடுப்பேன் என்று அவையிலேயே எச்சரித்தார். அடுத்துப் பேசியவர்கள் அந்தப் பெருந்தன்மையைப் புகழாமல் இருந்திருந்தால் சரி.

பனிக்காலம்:

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் தினமும் 45 நிமிடம் வாய்மொழிக் கேள்விகள். கேட்பவருக்கு 35 விநாடி, பதிலுக்கும் 35 விநாடி. முன்னறிவிப்பு தேவையில்லை. கேட்கும்போது ஏதோ கத்திச்சண்டை போலத் தோன்றும். உண்மையில் இரு பக்கமும் தொலைக்காட்சிக்காக எழுதிப் படிக்கும் வசனம்தான். அமைச்சர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. முன்னறிவிப்பை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நியூசிலாந்து முறை எனக்குப் பிடிக்கும். வாய்மொழிக் கேள்விகள் நாளுக்குப் பன்னிரண்டே. காலையில் கொடுத்த கேள்விக்கு அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்விகளை அவைத்தலைவர் தாராளமாக விடுவார். ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அமைச்சரை ஆறேழு முறை எழ வைத்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் ஆளுங்கட்சி உறுப்பினரே எழுந்து, "அமைச்சரின் சாதனைகளை விளக்க முடியுமா" என்று கேட்பதற்கு ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், டாரதி டிக்சர் என்று. ஆக, நன்றி பாராட்டும் நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை.

குறுக்குக்கேள்வி:

@தொகுதிக்காரன், கேள்வி வந்ததும் கோப்பு அசைகிறது என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசைய வைத்தது பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். பதில் சொல்வது எளிதாக இருந்தால் அந்தப் பயம் எங்கிருந்து வரும்? கோப்புப்புழு ஐயாவே சொல்லிவிட்டார், உங்கள் கேள்வியைப் பார்த்தால் பிரிவில் நிம்மதி என்று.

ஆளுங்கட்சியில் இருப்பவர் கணக்குக் கேட்க முடியாது என்பதையும் நான் ஏற்கவில்லை. 1957இல் நடந்ததைப் பாருங்கள். எல்.ஐ.சி. அப்போதுதான் நாட்டுடைமையாகி ஓராண்டு. ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் அது சுமார் 1.24 கோடி ரூபாய் போட்டது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. முதல் பதில் மழுப்பல். அந்த மழுப்பலைப் பிடித்துக்கொண்டு விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி, ஆளும் காங்கிரஸ் கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். விசாரணைக்கு நீதிபதி சாக்ளா ஆணையம் வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதில் எந்தக் கேள்வியும் "அரசு முன்வருமா" என்று முடியவில்லை. எவ்வளவு, எந்த நிறுவனத்தில், யார் சொல்லி என்றுதான் இருந்தது.

தேர்வெழுதி:

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், அடிப்படைக் கேள்வி என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பிரச்சினையை நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் கேட்பதா, சட்டமன்ற உறுப்பினர் மூலம் கேட்பதா? இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

கோப்புப்புழு:

தம்பி, சிரிக்க ஒன்றுமில்லை. அமைச்சர்களே அதில்தான் தப்பிக்கிறார்கள்.

மக்களவை விதிகளின்படி மத்திய அரசுக்கு முதன்மைப் பொறுப்பில்லாத பொருள் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. காவல், பொது சுகாதாரம், உள்ளாட்சி, குடிநீர் எல்லாம் மாநிலப் பட்டியல். ரயில், அஞ்சல், தொலைத்தொடர்பு, தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசு. கல்வி பொதுப்பட்டியல் என்பதால் இரண்டு பக்கமும் பந்தை உதைக்கலாம். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் வழி கிடைக்கும். மாநிலம் நடத்தும் சுகாதார நிலையமாக இருந்தாலும் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதி அதில் வந்தால், அந்த நிதி எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவுக்குப் பயன்பாட்டுச் சான்று வந்தது என்று மக்களவையில் கேட்கலாம். அதே கேள்வியின் மறுபாதியைச் சட்டப்பேரவையில் கேட்கலாம். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல நேரம் இரண்டும் ஒத்துப்போகாது. அங்கிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேறு நிபந்தனைகளும் தெரிந்துகொள். கேள்வி சாதாரணமாக 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாதம், அனுமானம், எள்ளல், அவதூறு கூடாது. கருத்துக் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் கூடாது. பதினைந்து நாள் முன்னறிவிப்பு. மக்களவையில் நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், அவற்றுக்கு வாய்மொழிப் பதில். 230 குறியிடாத கேள்விகள், அவற்றுக்கு எழுத்துப் பதில். எந்தக் கேள்வி வரும் என்பது குலுக்கலில். இருபதில் ஐந்தாறு வாய்மொழியாக முடிந்தாலே அன்று நல்ல நாள்.

மூன்றாம்வரிசை:

கேட்டுவிட்டு அவைக்கு வராதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 நவம்பர் 30 அன்று நட்சத்திரக் கேள்வி கொடுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் மக்களவைக்கே வராததால் கேள்வி நேரம் பாதியில் நின்றுபோயிற்று. அதன் பிறகுதான், கேட்டவர் இல்லாவிட்டாலும் அமைச்சர் பதில் சொல்லலாம், மற்றவர்கள் துணைக் கேள்வி கேட்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 2005இல் பதினோரு பேர் பதவி இழந்தது வேறு கதை. மாநிலங்களவையில் பதினொரு மணிக் கேள்வி நேரம் அமளியிலேயே போகிறது என்று 2014இல் பன்னிரண்டு மணிக்கு மாற்றிப் பார்த்தார்கள். அமளியும் பன்னிரண்டு மணிக்கு வரக் கற்றுக்கொண்டது.

ரயிலடி:

தென்மாவட்ட ரயில் பாதைகள் பற்றிய நாடாளுமன்றப் பதில்களைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். எந்த உறுப்பினர் தன் தொகுதித் திட்டத்தைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒரே பத்தியில் தொடங்கும்: ரயில்வே திட்டங்கள் மண்டல வாரியாக ஆய்வு செய்யப்பட்டு நிறைவேற்றப்படுகின்றன, மாநில வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ அல்ல. புதிய ரயில் கேட்டால், அது தொடர் நடைமுறை, இயக்கச் சாத்தியம், போக்குவரத்துத் தேவை, வளங்களைப் பொறுத்தது. நிறுத்தம் கேட்டாலும் இதே தாளம். கேட்டவர் ஊரின் பெயரைத் தேடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பத்திக்குப் போக வேண்டும்.

அதிலும் இணைப்பு என்று ஒன்று வரும். பதிலின் வால் போல ஓர் அட்டவணை. செய்தியாளர்கள் முதல் பத்தியை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சரக்கு அந்த அட்டவணையில்தான் இருக்கும்: எந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு, நிலம் எத்தனை ஹெக்டேர் வேண்டும், எத்தனை கிடைத்தது. ஒதுக்கீட்டு நெடுவரிசையில் ஆயிரம் ரூபாய் என்று இருந்தால் திட்டம் சாகவில்லை, ஆனால் மூச்சும் விடவில்லை என்று பொருள்.

குறுக்குக்கேள்வி:

அருமை. நான் சொல்ல நினைத்த உதாரணத்துக்கு வழி விட்டீர்கள். மதுரை எய்ம்ஸ்.

2015-16 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவிப்பு. 2018 ஜூனில் தோப்பூர் தேர்வு. அந்த டிசம்பரில் 1,264 கோடி ரூபாய் மதிப்பீட்டுக்கு அமைச்சரவை ஒப்புதல். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். பிறகு வெறும் சுற்றுச்சுவர். 2021 மார்ச்சில் ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவோடு கடன் ஒப்பந்தம். மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது. கட்டடமே இல்லாமல் முதல் அணி மாணவர்கள் 50 பேர் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார்கள். தோப்பூரில் கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில்.

இந்த ஆண்டுகளில் இரு அவைகளிலும் வந்த எழுத்துப் பதில்களை வரிசையாக அடுக்கினால் ஒன்று தெரிகிறது. "மதுரை எய்ம்ஸை விரைந்து முடிக்க அரசு நடவடிக்கை எடுக்குமா" என்ற கேள்விக்கு வந்த பதில்களில் செய்தி ஏதும் இல்லை. மதிப்பீடு எவ்வளவு, அதில் கடன் பங்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு செலவானது என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: மற்ற எய்ம்ஸ்களுக்கு மத்திய பட்ஜெட் பணம், இதற்கு மட்டும் பெரும்பகுதி வெளிநாட்டுக் கடன், ஆகவே கடன் ஒப்பந்தம் முடியும்வரை வேலை நகராது. தேர்தல் மேடையில் செங்கல்லைத் தூக்கிக் காட்டிய "ஒற்றைச் செங்கல்" அரசியல் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

தொகுதிக்காரன்:

வந்தது. ஆனால் கட்டடம் வந்ததா? அத்தனை கணக்குக் கேள்விக்குப் பிறகும் அடிக்கல்லுக்கும் கட்டுமானத்துக்கும் இடையில் ஐந்து ஆண்டு. பதிலை வைத்துக்கொண்டு சிகிச்சை பெற முடியாது ஐயா.

ரயிலடி:

@தொகுதிக்காரன், கேள்வி கட்டடம் கட்டாது. ஆனால் தாமதத்துக்கு மாநில அரசு நிலம் தராததுதான் காரணமா, மத்திய அரசு பணம் தராததுதான் காரணமா என்று தேநீர்க்கடையில் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோமே, அதற்கு முடிவு கட்டியது.

அளவுகோல்:

எண்ணைக் கேளுங்கள், தேதியைக் கேளுங்கள் என்று எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள். "எண்ணே இல்லை" என்று சொல்லிவிட்டால்?

2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்கள். எழுத்துப் பதில் மட்டும் இருந்தது. ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், இழப்பீடு கொடுக்கப்பட்டதா என்று கேட்டதற்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேட்டபோது, அப்படி எந்த மரணத்தையும் மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. மாநிலங்கள் அனுப்பும் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தால்தானே தெரிவிப்பார்கள்.

பிரிட்டனில் வேறு விதம். எழுத்துக் கேள்விக்கு விடை திரட்ட 850 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால் அமைச்சர் மறுக்கலாம். மறுப்பது மறுப்பதுதான். ஆனால் செலவு அதிகம் என்று சொல்லும்போது தகவல் எங்கோ இருக்கிறது என்பதாவது தெரிந்துவிடுகிறது. "பராமரிக்கப்படவில்லை" என்பதில் அதுவும் இல்லை.

கோப்புப்புழு:

@அளவுகோல் சொன்னது சரியான முட்டுச்சந்து. அதற்கு ஒரு சிறிய சந்து உண்டு. "எத்தனை" என்று கேட்பதற்கு முன் "எந்தப் பதிவேட்டில், யாரால், எந்தக் கால இடைவெளியில் பதியப்படுகிறது" என்று முதல் உட்பிரிவாகக் கேளுங்கள். பதிவேடு இருக்கிறது என்று (அ)வில் எழுதிவிட்டு (ஆ)வில் எண் இல்லை என்று எழுதினால் செயலாளரே கையெழுத்துப் போடமாட்டார். பதிவேடு இல்லை என்று எழுதினால் ஏன் இல்லை என்பது அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வி.

இன்னொன்று, இங்கே யாரும் பேசாதது: அரசு உறுதிமொழிக் குழு. மக்களவையில் 1953இலிருந்து இருக்கிறது. நம் சட்டப்பேரவையிலும் இருக்கிறது. அமைச்சர் அவையில் "பரிசீலனையில் உள்ளது", "தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்", "ஆராய்ந்து பார்க்கப்படும்" என்று சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மக்களவை என்றால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் நீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும். குழு மாவட்டங்களுக்குப் பயணம் போகும்போது ஆட்சியர் அலுவலகமே பரபரப்பாக இருக்கும்.

அதனால்தான் வரைவுப் பதிலில் "பரிசீலனையில் உள்ளது" என்று புதிதாக வந்த பையன் எழுதினால் அடித்துவிட்டு "தற்போது கருத்துரு ஏதுமில்லை" என்று எழுதச் சொல்வோம். கருத்துரு பாதி தயாராகி மேசை மேலேயே இருக்கும். உறுதிமொழிப் பட்டியலில் ஏறினால் ஓய்வு பெறும்வரை அது நம் தலையில்தான். நிதிநிலைக்கேற்ப என்ற வால் சேர்ப்பதும் அதற்குத்தான். குறுக்குக்கேள்வி மேலே கிண்டல் செய்த அந்த வார்த்தைகள் சோம்பலில் வந்தவை இல்லை. யோசித்து வைத்தவை.

மூன்றாம்வரிசை:

ஐயா, இத்தனை ஆண்டு இதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு எப்படி இருந்தீர்கள்.

கோப்புப்புழு:

ஓய்வூதியம் வருகிறதே.

சட்டப்புத்தகம்:

உறுப்பினர் கேட்காவிட்டால் நாமே கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. தனிநபர் தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் அதன் 8(1)(ஜே) பிரிவின் கீழே ஒரு நல்ல வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைத் தனிமனிதர் எவருக்கும் மறுக்கக்கூடாது. உறுப்பினரின் கேள்வியையும் குடிமகனின் கேள்வியையும் ஒரே தட்டில் வைத்த வரி. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவையே மாற்றி எழுதியதில் அது போய்விட்டது. இனிமேல் அவையில் கேட்கப்படும் கேள்விக்கு முன்பைவிட அதிக எடை. 1892இல் அன்றைய சட்டமன்றக் கவுன்சில் உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும், 1909இல் துணைக் கேள்வி உரிமையும் கொடுத்த வெள்ளைக்காரன்கூட வேண்டாவெறுப்பாகத்தான் கொடுத்தான். கிடைத்ததை நன்றி சொல்லவா பயன்படுத்துவது?

நெறியாளர்:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் யார் மோசம் என்ற இழை தனியாக இருக்கிறது, அங்கே போங்கள்.

தொகுதிக்காரன்:

சரி, சும்மா பேசி என்ன? நான் ஒரு கேள்வி போடுகிறேன், நீங்கள் எல்லாம் சேர்ந்து திருத்துங்கள். எனக்குத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் அடுத்த கூட்டத்தொடருக்குக் கேள்விகள் கேட்டிருக்கிறார். வழக்கப்படி நான் எழுதியது இதுதான்:

"இன்ன வட்டத் தலைமை மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர் மற்றும் மயக்க மருந்து மருத்துவர் நியமிக்க அரசு முன்வருமா?"

குறுக்குக்கேள்வி:

(அ) மேற்படி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட மகப்பேறு, மயக்க மருந்து மருத்துவர் பணியிடங்கள் எத்தனை. (ஆ) அவற்றில் காலியாக உள்ளவை எத்தனை, எந்தத் தேதி முதல். (இ) கடந்த ஓராண்டில் அங்கிருந்து வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்பப்பட்ட கர்ப்பிணிகள் எத்தனை பேர். (ஈ) காலியிடங்கள் எப்போது நிரப்பப்படும்?

கோப்புப்புழு:

தேறிவிட்டீர்கள். ஆனால் (ஆ)வில் ஓட்டை இருக்கிறது. "காலியிடம் இல்லை" என்று பதில் வரும். ஆள் அந்த இடத்தில் நியமனம் ஆகியிருப்பார், மாற்றுப்பணியில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வேலை பார்ப்பார், சம்பளம் மட்டும் இங்கே. ஆகவே "பணியிடத்தில் உள்ளவர்களில் மாற்றுப்பணியில் இருப்போர் யார்" என்று கேட்காதீர்கள், பெயர் கேட்டால் மறுத்துவிடுவார்கள். "கடந்த ஓராண்டில் மேற்படி மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் ஒரே நேரத்தில் பணியில் இருந்த நாட்கள் எத்தனை" என்று கேளுங்கள். வருகைப் பதிவேடு இருக்கிறது, தப்ப முடியாது. இருவரும் சேர்ந்து இல்லாவிட்டால் சிசேரியன் கிடையாது. விஷயமே அதுதான்.

(ஈ)க்கு "மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று வரும். அது ஒன்றும் இல்லாத பதில். "வாரியத்துக்குக் கோரிக்கை அனுப்பப்பட்ட தேதி" என்று மாற்றுங்கள்.

அளவுகோல்:

(இ)யில் "எந்தப் பதிவேட்டின்படி" என்பதைச் சேருங்கள். இல்லாவிட்டால் "தரவு பராமரிக்கப்படவில்லை" தயாராக இருக்கிறது.

தொகுதிக்காரன்:

இது கேள்வி மாதிரி இல்லை, குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கிறது. உறுப்பினர் பயப்படுவார்.

ரயிலடி:

கடைசியில் (உ) என்று ஒன்று சேர்த்து, "அங்கு மகப்பேறு சிறப்புப் பிரிவு அமைக்க அரசு முன்வருமா?" என்று போட்டுவிடுங்கள். உறுப்பினருக்கு வீடியோ கிடைக்கும். மற்ற நான்கும் எழுத்தில் வரும்.

தொகுதிக்காரன்:

இது நல்ல யோசனை. துணைக் கேள்வியில் நன்றி சொல்லிக்கொள்ளட்டும், நான் தடுக்கப் போவதில்லை.

கோப்புப்புழு:

சொல்லட்டும். ஆனால் (உ)வை ஐந்தாவதாக வைக்காதீர்கள். அவையில் வாசிக்கும்போது முதலும் கடைசியும்தான் அமைச்சர் காதில் விழும், கடைசிக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதை (அ)வாக்கி, நாட்கள் கணக்கைக் கடைசியில் வையுங்கள். "மேற்படி" என்பதை ஒவ்வொரு உட்பிரிவிலும் மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் மாநிலம் முழுவதற்கும் சேர்த்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.